துறவி நண்டும் தோலுரிக்கும் பருவமும்

கோபிசெட்டிபாளையம், உடுமலைப்பேட்டைப் பக்கங்களில் மல்பெரித் தோட்டம் வைத்துப் பட்டுப்புழு வளர்க்கும் குடியானவர்களுக்குத் தோலுரிப்பு என்பது அன்றாட விஷயம். முட்டையிலிருந்து வெளிவந்த புழு கூடு கட்டத் தொடங்குவதற்குள் தன் எடையை ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிக்கொள்கிறது என்பதையும், அவ்வளவு வளர்ச்சிக்கும் இடம் தருவதற்காக நான்கு முறை தோலை உரிக்கிறது என்பதையும், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு நாள் தலையைத் தூக்கியபடி அசைவற்றுக் கிடக்கும் அந்நேரத்தில் தழை போடுவதை நிறுத்தி, படுக்கையின்மீது சுண்ணாம்புத் தூளைத் தூவி, காற்றோட்டம் விட்டுத் தாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் அவர்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்வதில்லை. புழு கண் விழிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் தொழிலின் ஒரு பகுதியே என்ற ஞானம் அவர்களுக்குப் பழக்கத்தில் வந்திருக்கிறது. அதே கொங்கு நாட்டின் தலைநகராகிய கோயம்புத்தூரில், கண்ணாடித் தொட்டியில் துறவி நண்டு வளர்க்க ஆசைப்படும் நகரவாசிகளுக்கு இந்த ஞானம் மட்டும் எளிதில் வாய்ப்பதில்லை. நண்டு மண்ணுக்குள் இறங்கிப் பத்து நாள் கண்ணில் படவில்லையென்றால் உடனே கரண்டியை எடுத்துத் தோண்டிவிடுகிறார்கள். புழுவும் நண்டும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. இரண்டும் உரிப்பது ஒரே வகைச் சட்டைதான். வீட்டுத் தொட்டியில் தோலுரிக்கும் பருவத்தில் மாண்டுபோகும் நண்டுகளில் பெரும்பாலானவற்றை நோய் கொல்வதில்லை, வளர்ப்பவரின் அன்பான அவசரமே கொல்கிறது என்பது என் எண்ணம்.

நமக்கு எலும்பு உள்ளே இருக்கிறது. தசை வெளியே இருக்கிறது. இரண்டும் கூடவே வளர்கின்றன. நண்டுக்கோ, கைட்டின் என்னும் நார்ப்பொருளும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து இறுகிய புறச்சட்டகமே எலும்பு. அது ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு பெரிதாவதில்லை. ஆகவே உள்ளே சரீரம் வளர வளரப் பழைய சட்டகத்தைக் களைந்து, புதியதொன்று மிருதுவாக இருக்கும்போதே அதை நீரால் ஊதிப் பெருக்கி, அந்த அளவிலேயே இறுகவிடுவதைத் தவிர வளர்ச்சிக்கு வேறு மார்க்கம் இல்லை. துறவி நண்டின் முதுகில் நாம் காணும் சங்கு அதன் உடலைச் சேர்ந்ததன்று. ஏதோ ஒரு நத்தை இறந்து விட்டுச் சென்ற வீடு. தலையும் கால்களும் மட்டுமே கடினமான கவசம் பூண்டிருக்க, பின்பக்கம் திருகிச் சுருண்ட வயிறு மென்தோலாகவே இருப்பதால், அந்தப் பாதியை மறைத்துக்கொள்ள அது இரவல் வீட்டை நாடுகிறது. சட்டையை உரிப்பது வேறு, சங்கை மாற்றுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென நினைத்துக்கொண்டு, நண்டு தோலுரிக்கட்டும் என்று புதுச் சங்கை மட்டும் வாங்கி வைத்துவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு.

எப்போது உரிப்பது என்பதை நண்டு எவ்வாறு அறிகிறது? 1905ஆம் ஆண்டில் சார்லஸ் ஜெலெனி என்ற அமெரிக்க விலங்கியலார், ஒருவகைக் கடற்கரை நண்டின் கண்காம்புகளை நீக்கிவிட்டால் அது வழக்கத்தைவிட விரைவில் தோலுரிக்கிறது என்று கண்டார். கண்ணைத் தாங்கும் காம்புக்குள், பார்வைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சுரப்பித் தொகுதி இருந்துகொண்டு, ‘இன்னும் வேண்டாம், இன்னும் வேண்டாம்’ என்று தடை விதிக்கும் ஒரு ஹார்மோனை இடைவிடாது அனுப்புகிறது என்பது பிற்கால ஆராய்ச்சியில் விளங்கியது. அந்தத் தடை தளரும்போது, தலைப்பகுதியில் உள்ள ஒய் உறுப்பு என்னும் சுரப்பி விழித்துக்கொண்டு தோலுரிப்பு ஹார்மோனைச் சுரக்கிறது. எக்டைசோன் எனப்படும் அந்த ஹார்மோனை முதன்முதலில் தூய நிலையில் பிரித்தெடுத்தது நண்டிலிருந்து அன்று, பட்டுப்புழுவிலிருந்து. 1954இல் ஜெர்மனியின் அடால்ஃப் பூட்டெனாண்ட், பீட்டர் கார்ல்சன் என்ற இருவர் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களை அரைத்து வடித்து, கடைசியில் 25 மில்லிகிராம் படிகத்தைப் பெற்றார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஆஸ்திரேலிய ஆய்வாளர்களால் ஒரு டன் சிங்கி இறால் கழிவிலிருந்து, அதனோடு மிக நெருங்கிய உறவுள்ள பொருளை 2 மில்லிகிராம் மட்டும் எடுக்க முடிந்தது. உடுமலைப்பேட்டைப் புழுவையும் தொட்டியில் இருக்கும் நண்டையும் ஆட்டிவைப்பது ஏறத்தாழ ஒரே ரசாயனம் என்பது அப்போது சந்தேகமற நிலைபெற்றது. நம் பக்கத்திலும் இந்தத் துறை வெறிச்சோடிக் கிடக்கவில்லை. நெல்வயலின் வரப்பில் வளை தோண்டும் சாதாரண நன்னீர் நண்டை வைத்துக்கொண்டே கேரளத்தின் கே. ஜி. அடியோடி, ஆர். ஜி. அடியோடி தம்பதியர், நண்டின் வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஹார்மோன்கள் எவ்வாறு பங்கிட்டுக் கட்டளையிடுகின்றன என்பதை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார்கள்.

கட்டளை பிறந்தபின் உடலுக்குள் நடக்கும் ஏற்பாடுகள் வியக்கத்தக்கவை. பழைய சட்டகத்தின் அடியிலேயே புதிய தோல் மடிப்பு மடிப்பாக உருவாகிறது. பழைய ஓட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதி கரைந்து இரத்தத்துக்குத் திரும்புகிறது. அகன்ற கொடுக்கின் சதை, குறுகலான கணுக்களின் வழியே எப்படி வெளியே வரும் என்ற கேள்விக்கு, டாரதி ஸ்கின்னர் என்ற பெண்மணி தரைநண்டு ஒன்றில் 1966இல் விடை கண்டார்: தோலுரிப்பதற்கு முன் அந்தச் சதை தானாகவே கரைந்து மெலிந்துவிடுகிறது; உரித்த பிறகு மீண்டும் வளர்கிறது. கால்களின் உறை மட்டுமன்றி, கண்ணின் மேல்மூடி, செவுளின் உறை, ஆகாரத்தை அரைக்கும் இரைப்பைப் பற்களின் உள்ளுறை ஆகிய யாவுமே கழன்று வருவதால், அந்த நாட்களில் நண்டு பார்வை மங்கி, உணவின்றி, ஓடவும் கடிக்கவும் சக்தியற்றுக் கிடக்கிறது. வெளிவந்த புதிய உடல் களிம்புபோல் மிருதுவாக இருக்கும். அது இறுகுவதற்குச் சுண்ணாம்பு மட்டும் போதாது. தோலைப் பதனிடுவது போன்றதொரு ரசாயன மாற்றமும் வேண்டும். நண்டின் தோலில் நிகழும் அந்தப் பதனிடலைப் பற்றி 1951இல் விரிவாக எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஜி. கிருஷ்ணன்.

இனித் தொட்டிக்கு வருவோம். வாங்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. துறவி நண்டுகளில் கடலில் வாழ்வன பல. கரையில் வாழ்வன சில. ராமேசுவரத்துக் கரையோரக் குட்டைகளில் குழந்தைகள் பிடித்து விளையாடுவன பெரும்பாலும் கடல் வகையே. அவற்றுக்கு உப்பு நீர்த்தொட்டி வேண்டும். மணல்தொட்டியில் விட்டால் சில நாளில் இறந்துவிடும். அந்தமான், லட்சத்தீவு போன்ற இடங்களில் தென்னந்தோப்பு ஈறாக ஏறி உலவும் சீனோபைட்டா என்னும் இனமே தரையில் வாழ்வது. இடக் கொடுக்கு பெரிதாக இருப்பதும், சங்குக்குள் ஒடுங்கும்போது அந்தக் கொடுக்கே வாயிலை அடைக்கும் கதவாக அமைவதும், கண்காம்புகள் பக்கவாட்டில் தட்டையாக நீண்டிருப்பதும் அதன் அடையாளங்கள். அதன் உறவினமான தேங்காய் நண்டு நம் நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. அதை வீட்டில் வைத்திருக்கும் எண்ணமே கூடாது. தரை வகையும் குஞ்சாக இருக்கும்போது கடலில் மிதந்து வளர்வதால், வீட்டில் இனம் பெருக்குவது மிக அரிது. தொட்டிக்கு வரும் ஒவ்வொரு நண்டும் ஏதோ ஒரு கரையிலிருந்து பிடிக்கப்பட்டதே என்று கொள்ளலாம். பத்தாண்டும் அதற்கு மேலும் வாழக்கூடிய ஒரு ஜீவனைச் சில வாரங்களில் சாகவிடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

தரைத் துறவி நண்டு மண்ணுக்குள் புகுந்து, தன்னைச் சுற்றி ஒரு சிறு குகையை அமைத்துக்கொண்டு, இருட்டில்தான் தோலுரிக்கிறது. ஆகவே தொட்டியின் முதல் தேவை ஆழமான மண். உள்ள நண்டுகளில் பெரியதன் உயரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். எவ்வளவு சிறிய நண்டானாலும் ஆறு அங்குலத்துக்குக் குறையலாகாது. கடைக்காரர் அழகுக்காகப் பரப்பித் தரும் வண்ணக் கூழாங்கற்களில் எந்த நண்டும் குகை அமைக்க முடியாது. மணல் உருண்டையான பொடி மணலாக இருக்க வேண்டும். இக்காலத்தில் எங்கும் கிடைக்கும் எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்வதால் கூர்முனைகளும் தூசும் மிகுந்திருக்கும், அது வேண்டாம். நீர் வடிகட்டிகளில் இடும் சலித்த மணலை நன்றாக அலசிப் பயன்படுத்தலாம். அத்துடன் ஐந்துக்கு ஒரு பங்கு தென்னை நார்த்தூளைக் கலக்க வேண்டும். உலகின் பல மூலைகளில் நண்டு வளர்ப்பவர்கள் கட்டிகளாக வாங்கும் இந்தத் தூள் பொள்ளாச்சிச் சுற்றுவட்டாரத்திலிருந்து கப்பலேறிப் போகும் சரக்கு. கோவைக்காரர் அதைப் பக்கத்து ஊரிலேயே வாங்கிக்கொள்ளும் வாய்ப்புப் பெற்றவர். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நார்த்தூளில் இயல்பாகவே உப்புச் சத்து இருப்பதால் கழுவிய தூளாகப் பார்த்து வாங்க வேண்டும். யூரியாவும் காளான் வித்தும் சேர்த்து மக்கவைத்த நார்க்கழிவு உரம் தோட்டத்துக்கு அருமையானது, தொட்டிக்கு விஷம்.

இந்தக் கலவையை எவ்வளவு நனைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. உலர்ந்தால் குகையின் சுவர் சரிந்து நண்டை மூடிவிடும். மிகுதியாக நனைந்தாலோ நீர் அடியில் தேங்கி அழுகி, அங்கே செயலற்றுக் கிடக்கும் நண்டைக் கொன்றுவிடும். தொட்டியின் அடிக் கண்ணாடி வழியே கறுத்த ஈரக்கோடு தெரிந்தாலும், முட்டை அழுகிய வாடை வந்தாலும் மண்ணை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது; ஆனால் உள்ளே நண்டு இல்லை என்பது நிச்சயமாகத் தெரிந்தபோதுதான் மாற்ற வேண்டும்.

காற்றின் ஈரம் அடுத்தது. இந்நண்டு செவுளாலும், வயிற்றுத் தோலின் அடியில் படர்ந்த நுண்ணிய இரத்த நாளங்களாலும் மூச்சுவிடுகிறது. இரண்டும் ஈரமாக இருந்தால்தான் பயன்படும். ஒப்பு ஈரப்பதம் 75 முதல் 85 சதவீதம் வரை இருப்பது உத்தமம். கடலோர நண்டுக்கு இது பிறந்த இடத்துக் காற்று, கோயம்புத்தூருக்கோ அப்படியன்று. கடலிலிருந்து விலகி 400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்த இந்நகரில், ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றும், மாசி பங்குனியின் வறட்சியும் மூடியில்லாத தொட்டியின் ஈரத்தைச் சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். ஈரம் குறைந்தால் நூல் அறும் என்பதால் காற்றை நனைக்கும் இயந்திரங்களை நூற்பாலைகள் வைத்திருக்கின்றன. ஈரமானியைப் பார்ப்பது இந்த ஊர் ஆலைத் தொழிலாளிக்குப் பழகிய வேலை. தொட்டிக்கு வாங்கும் சிறிய ஈரமானியை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைக் கொட்டிச் சில துளி நீர் விட்டுக் குழைத்து, அதையும் ஈரமானியையும் ஒரு பாட்டிலில் ஓர் இரவு இறுக மூடிவைத்தால், உள்ளே காற்று சரியாக 75 சதவீதத்தில் நிற்கும். காலையில் கருவி வேறு எண் காட்டினால் எவ்வளவு பிழை என்பது தெரிந்துவிடும். அதன்பின் கண்ணாடி மூடி போட்டு, வேண்டியபோது ஓரத்தில் ஒரு சிறு இடைவெளி விட்டு ஈரத்தைக் கட்டுப்படுத்தலாம். உஷ்ணம் 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் போதும். மார்கழி, தை இரவுகளில் மட்டும் சூட்டுப் பாய் தேவைப்படலாம். அதைத் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும், அடியில் வைத்தால் மண்ணுக்குள் இருக்கும் நண்டு தப்ப வழியின்றி வெந்துவிடும்.

தண்ணீர் இரண்டு வகை வேண்டும்: ஒரு கிண்ணத்தில் நல்ல நீர், இன்னொன்றில் கடல் உப்பு நீர். நண்டு தன் சங்குக்குள் சிறிது நீரைச் சுமந்துகொண்டு திரிகிறது. தோலுரித்தபின் உடலை ஊதிப் பெருக்குவதற்கும் நீரே ஆதாரம். சிறுவாணி நீர் இனிமையில் பேர்பெற்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வீட்டுக் குழாய்க்கு வரும்போது அதில் குளோரின் கலந்திருக்கும், அது செவுளைப் பொசுக்கும். வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சொன்ன அளவில் விட்டாலே போதும். உப்பு நீருக்குக் கடல்மீன் தொட்டிக்கான உப்பையே கரைக்க வேண்டும். அயோடின் உப்பு உதவாது. மண்ணை முதலில் நனைக்கும்போதும் இந்த உப்பு நீரையே உபயோகிப்பது பூஞ்சைக்குத் தடையாகும்.

இவ்வளவும் சரியாக அமைந்தால் தோலுரிக்கும் காலம் தானாக வரும். அதற்கு முன் நண்டு மிகுதியாகத் தின்னும், நீர்க்கிண்ணத்தில் அடிக்கடி அமரும். பிறகு சோம்பிக் கிடக்கும். உடலின் நிறம் சாம்பல் பூசியதுபோல் மங்கும். கண்ணில் பாலாடை படிந்ததுபோல் தோன்றும். இழந்த கால் இருந்தால் அவ்விடத்தில் கண்ணாடிபோன்ற ஒரு மொட்டுக் கிளம்பும். அது அடுத்த சட்டையோடு வெளிவரப்போகும் புதுக்கால். பின் ஒருநாள் தொட்டியில் நண்டைக் காணோம். சிறியதானால் ஒரு மாதமோ சற்றுக் கூடுதலாகவோ, பெரியதானால் இரண்டு மூன்று மாதங்களும் அது வெளிவராமல் இருக்கலாம். அந்நாட்களில் மண்ணைக் கிளறாதீர்கள். தொட்டியை இடம் மாற்றாதீர்கள். பார்க்க வரும் குழந்தைகளைக் கண்ணாடியைத் தட்ட விடாதீர்கள். தோண்டினால் குகை சரியும், மென்தோல் கிழியும், தன் ஓட்டைத் தின்னவேண்டிய நேரத்தில் அது அதை விட்டு விலகும். உரித்த சட்டையில்தான் அடுத்த சட்டைக்கான சுண்ணாம்பு இருப்பதால், நண்டு அதைத் தின்றே தன் கவசத்தை உறுதிப்படுத்துகிறது. சுத்தம் செய்கிறேன் என்று அதை எடுத்து எறிவது, கூலி வாங்கிய கையிலிருந்து பணத்தைப் பிடுங்குவது போன்றது.

மண்ணுக்குள் மறைந்து தோலுரிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. தோலுரித்த நண்டின் வாடை மற்ற நண்டுகளை ஈர்க்கிறது. புரதப் பசியுள்ள கூட்டாளி அதைத் தேடிவந்து கடித்துத் தின்றுவிடும். மேல்மண்ணிலேயே, எல்லார் கண்ணுக்கும் முன்னால் தோலுரிக்கும் அபாய நிலையும் சில சமயம் நேர்கிறது. பெரும்பாலும் மண்ணின் ஈரமோ ஆழமோ போதாதபோது. அப்போது நண்டை வேறிடத்துக்குத் தூக்கிச் செல்லக் கூடாது. அடியும் வாயும் வெட்டிய ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலை அதைச் சுற்றி மண்ணுக்குள் அழுத்தி நிறுத்தி, உரித்த சட்டையையும் உள்ளேயே விட்டு, மேலே இருள் விழும்படி துணி போட்டுவிட வேண்டும். சங்குக்கு வெளியே கால்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடப்பதைக் கண்டதும் நண்டு இறந்துவிட்டதென்று எண்ணி வெளியே எறிபவர்கள் பலர். அந்தக் கால்களைக் கவனித்துப் பாருங்கள்: உள்ளே காலியாக, எடையற்று, வெறும் உறையாக இருந்தால் அது சட்டை, உள்ளே சதையும், தாங்க முடியாத மீன் நாற்றமும் இருந்தால்தான் மரணம். சந்தேகமாயின் ஒருநாள் பொறுத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

வெளியே வரும் நண்டு பிரகாசமான நிறத்தோடும், கூர்மையான நகங்களோடும், அசாத்தியப் பசியோடும் இருக்கும். கோவையில் எந்த நாட்டுமருந்துக் கடையிலும் கடல்நுரை என்ற பெயரில் கிடைக்கும் கணவாய் மீன் ஓட்டின் ஒரு துண்டு எப்போதும் தொட்டியில் இருக்கட்டும். வேகவைத்த முட்டை ஓட்டைப் பொடித்துத் தரலாம். முருங்கைக்கீரை, தேங்காய்த் துண்டு, உப்புச் சேர்க்காத கருவாடு எல்லாம் அதற்கு இஷ்டம். தோட்டத்துக் கீரையாயின் பூச்சிமருந்து அடிக்காததாக இருக்க வேண்டும். பூச்சியைக் கொல்லும் மருந்துக்கு நண்டும் ஒரு பூச்சிதான். உடல் வளர்ந்திருப்பதால் இப்போது சங்கும் சிறியதாகியிருக்கும். பழைய சங்கின் வாயைவிடச் சற்றே பெரிய, வட்டமான வாயுடைய சங்குகளை மூன்று நான்கு வைத்துவிட்டால் அது தானே கொடுக்கால் அளந்து பார்த்துத் தேர்ந்துகொள்ளும். வண்ணம் பூசிய சங்குகளை வாங்க வேண்டாம், உதிரும் வண்ணம் நண்டின் வயிற்றுக்குள் போகும். கடற்சங்குகளில் சில, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்திருப்பதால், சுற்றுலாப் போன இடத்தில் கண்டதை எடுத்து வராமல், நேர்மையான கடையில் கேட்டு வாங்குவது நலம்.